குடிசைக்கு எத்தனை மார்க்? வகைகளுக்கு எண் கொடுக்கும் கணக்கைப் பற்றி

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது முதலில் தட்டிக் கழிக்கத்தான் பார்த்தேன். சங்க மலர் என்றால் சிலம்பும் குறளும் கல்வெட்டும் என்று படித்துப் பழகியவர்கள் நாம். முப்பது வருடம் வெளியூரில் புள்ளியியல் சொல்லிக் கொடுத்துவிட்டு இப்போது கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக் கொண்டிருக்கிற ஒருவன் அதில் என்ன எழுதிவிட முடியும்? ஆனால் சென்ற ஆண்டு கல்வி உதவித்தொகைப் படிவங்களை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த ஒரு வாக்குவாதத்தை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "இதையே எழுதுங்க, நாலு பேர் படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்" என்றார். ஆகவே எழுதுகிறேன். கணக்கு வருகிறதே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கூட்டல், பெருக்கல், சராசரி தெரிந்தால் போதும்.

நம் சித்தூர் தாலுக்காவின் கிழக்குக் கோடி எப்படிப்பட்ட இடம் என்று அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று நீளும் இந்த எல்லைப் பட்டியில் வீட்டுக்கு வீடு தமிழ்தான். 1949 வரை கொச்சி ராஜ்யத்தில் இருந்த தாலுக்கா இது. பக்கத்துப் பாலக்காடோ மதராஸ் மாகாணத்து மலபார். பாலக்காட்டுக் கணவாய் வாயில் இருந்தாலும், மேற்கே கொட்டுகிற மழையில் பாதியைக்கூட நாங்கள் பார்ப்பதில்லை. பரம்பிக்குளம் ஆழியாறு உடன்படிக்கைப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு அணைக்கட்டு வழியாகச் சித்தூர்ப் புழைக்கு வர வேண்டும். அந்த உடன்படிக்கை 1970-இல் கையெழுத்தாகி 1958 முதல் அமலானதாகக் கொள்ளப்பட்டது. அந்தத் தண்ணீர் எட்டுகிற வயலுக்கும் எட்டாத மேட்டுக் காட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தக் கட்டுரையின் பாதி விஷயம் என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் உதவித்தொகைக்கு விண்ணப்பம் வாங்கியபோது, யாருக்குக் கொடுப்பது என்பதில் சச்சரவு வரக்கூடாது என்று நான்தான் ஒரு மார்க் முறையைத் தயாரித்துக் கொடுத்தேன். வீடு, நிலம், தண்ணீர், கழிப்பறை, வேலை, படிப்பு என்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க். கூட்டுத்தொகை குறைவாக வந்தவர்களுக்கு முதலிடம். பார்க்க நியாயமாகத்தான் இருந்தது. வடகரப்பதிப் பக்கத்து ஒரு குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் மேட்டு நிலம். போர் வற்றிப் போய் மூன்று வருடம். நிலத்துக்கு முழு மார்க் 4 விழுந்தது. கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டியது. பையன் பத்தாவதோடு நின்று திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனான். சங்கத்தில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நாலு மார்க்கைப் போட்டவன் நான்.

நான் மட்டும் செய்த தப்பு அல்ல இது. மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் 2002-ஆம் ஆண்டு வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள கிராமக் குடும்பங்களைக் கண்டறிய ஒரு கணக்கெடுப்பு வகுத்தது. 13 கேள்விகள்; ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2, 3, 4 என்று ஐந்து வகை விடை; மொத்தம் 52 மார்க். வீடு இல்லையென்றால் 0, கச்சா வீடு 1, அரைகுறைப் பக்கா 2, பக்கா 3, நகரப் பாணி வீடு 4. அதில் வெளியூர் போவதைப் பற்றியும் ஒரு கேள்வி உண்டு, வெளியூர்க்காரர்களான நமக்கு அது சுவையானது: கூலி வேலைக்கு வெளியூர் போனால் 0, பருவ வேலைக்குப் போனால் 1, வேறு பிழைப்புக்கு 2, போகவே இல்லையென்றால் 3, மற்ற காரணங்களுக்காகப் போனால் 4. ஆக, ஊரைவிட்டு நகராதவன் கூலிக்குப் போனவனைவிட மூன்று படி மேல்! அந்த மூன்று படியும், குடிசைக்கும் நகர வீட்டுக்கும் இடையே உள்ள மூன்று படியும் ஒரே எடை. இந்த மார்க்குகளைக் கண்டித்துப் பலர் எழுதினார்கள். 2011-இல் தொடங்கிய சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் இந்தக் கூட்டல் முறையைக் கைவிட்டார்கள். கேரளத்தில் குடும்பஸ்ரீ பயன்படுத்திய ஒன்பது அடையாள முறை வேறு மாதிரி. ஒன்பதில் நாலோ அதற்கு மேலோ பொருந்தினால் ஏழைக் குடும்பம். எளிமையானது, பெண்கள் குழுவே உட்கார்ந்து முடிவு செய்யலாம். ஆனால் அங்கேயும் ஒன்பதுக்கும் ஒரே எடைதான்.

கோளாறு எங்கே என்றால், 1, 2, 3 என்று நாம் எழுதுவது முதலில் வெறும் பெயர். பஸ்ஸுக்கு நம்பர் போடுகிற மாதிரி. ஐந்தாம் நம்பர் பஸ் இரண்டாம் நம்பர் பஸ்ஸைவிட இரண்டரை மடங்கு பெரியதல்ல. ஆனால் அந்த எண்களைக் கூட்டத் தொடங்கிய உடனே, ஓலைக்கும் ஓட்டுக்கும் உள்ள தூரமும் ஓட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் உள்ள தூரமும் சமம் என்று நம்மையறியாமல் சத்தியம் செய்துவிடுகிறோம்.

இந்தச் சமயத்தில்தான் என் தம்பி மகள் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தாள். கோயம்புத்தூரில் எம்.ஏ. படிக்கிறாள். பெயரையெல்லாம் நீக்கிவிட்டு, படிவங்களின் விடைகளை மட்டும் எஸ்பிஎஸ்எஸ் என்ற மென்பொருளில் ஏற்றி, கேட்பிசிஏ என்ற முறையை ஓட்டிப் பார்த்திருந்தாள். வகைத் தரவுகளுக்கான முதன்மைக் கூறு பகுப்பாய்வு என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

"பெரியப்பா, இதில கழிப்பறை இல்லைங்கறதுக்குத்தான் இருக்கறதிலேயே பெரிய மைனஸ் வந்திருக்குதுங்க. அப்ப அதுதானுங்களே ஏழ்மைக்கு முதல் அடையாளம்? இன்னொண்ணு, தமிழ் மீடியத்துக்கு மைனஸ் போட்டிருக்குது. அதெப்படிங்க?"

இரண்டு கேள்வியும் நல்ல கேள்வி. இரண்டிலும் எண்ணை வாசித்த விதம் தப்பு. அதை விளக்கத்தான் அன்று சாயங்காலம் முழுக்கப் போயிற்று.

எண்கள் எங்கிருந்து வருகின்றன

முதன்மைக் கூறு பகுப்பாய்வு பழைய சங்கதி. கார்ல் பியர்சன் 1901-இலும் ஹோட்டலிங் 1933-இலும் வகுத்தது. பல அளவுகளை ஒன்றோ இரண்டோ கூட்டளவுகளாகச் சுருக்குவது அதன் வேலை. அதை எப்படிப் பயன்படுத்துவது, எப்படி வாசிப்பது என்று நம் நாட்டு சி.ஆர். ராவ் 1964-இல் 'சங்க்யா' இதழில் எழுதிய நீண்ட கட்டுரையை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அந்த முறைக்கு உயரம், எடை மாதிரி உண்மையான எண்கள் வேண்டும். ஓலை, ஓடு, கான்கிரீட் என்றால் என்ன செய்வது?

வகைகளுக்கு எண்ணை நாமாகப் போடாமல் தரவிடமே கேட்டு வாங்கலாம் என்பதற்கு அழகான உதாரணம் ஃபிஷர் 1940-இல் செய்தது. ஸ்காட்லாந்தின் கெய்த்னெஸ் பகுதியில் 5387 பள்ளிப் பிள்ளைகளின் கண் நிறமும் முடி நிறமும் ஒரு அட்டவணையில் இருந்தன. கண்ணுக்கு நான்கு வகை, முடிக்கு ஐந்து வகை. கண்ணின் எண்ணும் முடியின் எண்ணும் ஒன்றோடொன்று அதிகபட்சம் ஒத்துப் போகும்படி எந்தெந்த வகைக்கு என்ன எண் கொடுக்கலாம் என்று பார்த்தார். வெளிர் கண்ணுக்கு −0.99, நீலக் கண்ணுக்கு −0.90, இடைநிறத்துக்கு 0.08, கருங்கண்ணுக்கு 1.57 என்று வந்தது. வெளிர், நீலம் என்று இரண்டு பெயர் இருந்தாலும் முடி நிறத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஏறக்குறைய ஒரே இடம். இடைநிறத்திலிருந்து கருமைக்கோ பெரிய தாவல். 1, 2, 3, 4 என்று போட்டிருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது. முடியிலும் அப்படியே: வெளிர் −1.22, சிவப்பு −0.52, இடைநிறம் −0.09, கருமை 1.32, அட்டக்கருப்பு 2.45. அமெரிக்காவில் கட்மன் 1941-இல் பல கேள்விகள் உள்ள படிவங்களுக்கு இதையே விரித்தார்.

பின்னால் ஹாலந்தின் லைடன் பல்கலைக்கழகத்துக் குழு ஒன்று இவற்றையெல்லாம் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது. ஆல்பர்ட் கிஃபி என்ற புனைபெயரில் அவர்கள் எழுதிய பெரிய புத்தகம் 1990-இல் வெளியாயிற்று. கிஃபி யார் தெரியுமா? விஞ்ஞானி கால்ட்டனிடம் நாற்பது ஆண்டுகள் வேலை பார்த்த பணியாள். பேராசிரியர்கள் தங்கள் பெயரை ஒளித்துக்கொண்டு ஒரு வேலைக்காரரின் பெயரை அட்டையில் போட்டது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். என் தம்பி மகள் ஓட்டிய கேட்பிசிஏ அந்தக் குழுவின் பிள்ளைதான்.

அது செய்கிற வேலையைத் திண்ணைக் கணக்காகச் சொல்கிறேன். முதலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏதோ ஒரு மதிப்பெண்ணைப் போட்டுக் கொள்கிறது. ஓலைக் குடிசையில் இருக்கிற எல்லாக் குடும்பங்களின் மதிப்பெண்ணையும் சராசரி எடுத்தால் அது ஓலைக்கான எண். ஓட்டு வீட்டுக் குடும்பங்களின் சராசரி ஓட்டுக்கான எண். எல்லாக் கேள்விக்கும் இப்படியே. பிறகு திரும்பி, அந்த எண்களைக் கொண்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் புது மதிப்பெண் கணக்கிடுகிறது. மறுபடி சராசரி, மறுபடி மதிப்பெண். எண்கள் அசையாமல் நிலைக்கிற வரை இப்படி மாறி மாறி நடக்கிறது. குடும்பம் வகையைத் தீர்மானிக்க, வகை குடும்பத்தைத் தீர்மானிக்கிறது. கடைசியில் ஒவ்வொரு வகைக்கும் நிலைத்து நிற்கிற எண்ணைத்தான் வகை எண்மதிப்பு என்கிறேன்.

ஒவ்வொரு கேள்விக்கும் இந்த எண்களை ஒரு பொதுக் கட்டுக்குள் வைக்கிறார்கள்: எல்லாக் குடும்பங்களின் சராசரி 0, விலக்க வர்க்கச் சராசரி 1. எனவே மைனஸ் என்றால் கெட்டது என்று பொருளில்லை. சராசரிக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், அவ்வளவுதான்.

எண்களை வாசிப்பது

எங்கள் படிவ எண்களை அச்சில் போடுவது முறையல்ல. ஆகவே விளக்கத்துக்காக நானே எழுதிய நூறு குடும்பங்களை வைத்துக் கொள்வோம். 20 குடும்பம் ஓலை, 30 ஓடு, 50 கான்கிரீட். எண்மதிப்பு ஓலைக்கு −1.89, ஓட்டுக்கு 0, கான்கிரீட்டுக்கு 0.76 என்று வந்ததாகக் கொள்ளுங்கள். வேண்டுமானால் சரிபார்க்கலாம்: 20-ஐ −1.89-ஆல் பெருக்கினால் −37.8, 50-ஐ 0.76-ஆல் பெருக்கினால் 38. கூட்டினால் ஏறக்குறைய பூஜ்யம். இதே வீடுகளுக்கு 1, 2, 3 என்று போட்டு அதே கட்டுக்குள் கொண்டுவந்தால் −1.66, −0.38, 0.90 வரும், இடைவெளி இரண்டும் சமம். தரவு கொடுத்த எண்ணிலோ ஓலையிலிருந்து ஓட்டுக்கு 1.89, ஓட்டிலிருந்து கான்கிரீட்டுக்கு 0.76. முதல் படி இரண்டாம் படியைப்போல் இரண்டரை மடங்கு. மற்றக் கேள்விகளின் விடைகளோடு சேர்த்துப் பார்க்கும்போது, ஓலைக்காரர்கள் ஓட்டுக்காரர்களிடமிருந்து வெகு தூரம். ஓடும் கான்கிரீட்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. எண்மதிப்பில் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடைவெளிதான், தனித்தனி எண்ணை அல்ல.

இனி கழிப்பறைக்கு வருவோம். 90 குடும்பத்துக்கு இருக்கிறது, 10 குடும்பத்துக்கு இல்லை. உண்டு, இல்லை என்று இரண்டே வகை. சராசரி 0, விலக்க வர்க்கச் சராசரி 1 என்ற இரண்டு கட்டுப்பாடும் சேர்ந்து இரண்டு எண்ணையும் முன்கூட்டியே கட்டிப் போட்டுவிடுகின்றன. 'உண்டு' 0.33, 'இல்லை' −3. வேறு எதுவும் வர வழியே இல்லை! கழிப்பறைக்கும் ஏழ்மைக்கும் சம்பந்தமே இல்லையென்றாலும் இதே −3 தான் வரும். கழிப்பறைக்குப் பதில் 'வீட்டில் கிளி உண்டா' என்று கேட்டு, 10 பேர் இல்லை என்றிருந்தாலும் −3 தான். இந்த எண் சொல்வது ஒன்றே ஒன்று: 'இல்லை' என்றவர்கள் குறைவு. இரண்டு வகைக் கேள்வியின் எண்மதிப்பில் சேதி ஏதுமில்லை.

சேதி இருப்பது லோடிங் என்று சொல்கிற எண்ணில். நான் அதைச் சுமை என்கிறேன். அந்தக் கேள்வி மொத்தக் கூட்டளவோடு எவ்வளவு ஒட்டிப் போகிறது என்பதைக் காட்டுவது அது. −1 முதல் 1 வரை இருக்கும். வகை எண்மதிப்பைச் சுமையால் பெருக்கினால்தான் அந்த வகை கூட்டளவுக் கோட்டில் எங்கே நிற்கிறது என்று தெரியும். வீட்டின் சுமை 0.8 என்றால் ஓலை −1.51, ஓடு 0, கான்கிரீட் 0.60. கழிப்பறையின் சுமை வெறும் 0.3 என்றால் 'இல்லை' −0.9, 'உண்டு' 0.1. இப்போது பாருங்கள், −3 என்று பயமுறுத்தியது −0.9 ஆயிற்று, −1.89 என்று அடக்கமாக இருந்த குடிசைதான் உண்மையில் அதிகம் கீழே இழுக்கிறது.

"அப்ப ரெண்டு டேபிளையும் பக்கத்தில வெச்சுத்தான் படிக்கோணுமுங்களா?" என்றாள். ஆமாம். ஒன்றை மட்டும் படிப்பது விலைச்சீட்டில் கிலோ விலையைப் பார்த்துவிட்டு எத்தனை கிலோ என்று பார்க்காமல் விடுகிற மாதிரி.

அவளுடைய இரண்டாவது கேள்வி கொஞ்சம் சுடுகிற கேள்வி. பயிற்று மொழி: தமிழ், மலையாளம், இங்கிலீஷ். இதில் மேல் கீழ் என்று வரிசை கிடையாது. வெறும் பெயர் வகை. மென்பொருளிடம் அப்படியே சொல்ல வேண்டும், வரிசை உண்டு என்று சொல்லிவிடக் கூடாது. நூறு பிள்ளைகளில் தமிழ் 50, மலையாளம் 30, இங்கிலீஷ் 20 என்று வைத்துக்கொண்டால், −0.80, 0.11, 1.84 என்பது மாதிரி வரலாம். இதைப் பார்த்துவிட்டு, தமிழில் படித்தால் தாழ்வு என்று கணக்கே சொல்லிவிட்டது என்று யாராவது மேடையில் பேசினால் என்ன ஆகும்? கணக்கு சொன்னது அதுவல்ல. தமிழ்ப் பள்ளிக்கு அனுப்புகிற குடும்பங்களின் வீடு, நிலம், தண்ணீர் எல்லாம் சேர்ந்து சராசரியில் இந்தப் பக்கம் இருக்கின்றன என்பதே. பள்ளி அவர்களை அங்கே தள்ளியதா, அங்கே இருந்ததால் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினார்களா என்பது இந்த எண்ணுக்குத் தெரியாது. உண்மையில் இந்த மூன்று எண்ணில் கவனிக்க வேண்டியது தமிழல்ல. தமிழும் மலையாளமும் ஒன்றுக்கொன்று கிட்ட இருக்க, இங்கிலீஷ் எட்டி நிற்பதுதான். பெயர் வகைக் கேள்வியில் பிளஸ் மைனஸுக்குத் தனி அர்த்தமும் கிடையாது. எல்லா எண்களின் குறியையும் மாற்றி, சுமையின் குறியையும் மாற்றினால் விடை அதேதான். மென்பொருள் இன்றைக்கு ஒரு விதமாகவும் நாளைக்கு இன்னொரு விதமாகவும் அச்சடிக்கலாம். பெருக்கிப் பார்த்த பிறகுதான் திசை தெரியும்.

தண்ணீரும் அப்படித்தான். பொதுக்குழாய், சொந்தக் கிணறு, போர், லாரித் தண்ணீர் என்று நாலு வகை. எது உயர்வு? மற்ற ஊர்க்காரர்கள் போர் உள்ளவன் வசதியானவன் என்பார்கள். எங்கள் கிழக்குப் பஞ்சாயத்துகளில் ஆயிரம் அடி தோண்டிக் கடனாளி ஆனவன் வீட்டிலும் போர் உண்டு. வரிசையை நாம் தீர்மானிக்காமல் விட்டுவிடுவதே நல்லது.

ஐந்து ஏக்கர்

எனக்கு உறைத்த இடம் நிலம். அவள் நிலத்தை வரிசை உள்ள வகையாகக் கொடுத்திருந்தாள்: நிலமில்லை, ஒரு ஏக்கர் வரை, இரண்டு வரை, ஐந்து வரை, அதற்கு மேல். வரிசை என்று சொன்னால் முறை அந்த வரிசையை மீறாது. இடைவெளியை மட்டும் தானே முடிவு செய்யும். அவளுடைய அட்டவணையில் 'இரண்டு வரை', 'ஐந்து வரை' இரண்டுக்கும் அச்சாக ஒரே எண்.

இப்படி அடுத்தடுத்த வகைகள் ஒரே எண் வாங்கினால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, நிஜமாகவே இரண்டுக்கும் வித்தியாசமில்லை. இன்னொன்று, தரவு வரிசையைத் தலைகீழாக்கப் பார்த்தது, நாம் விதித்த கட்டுப்பாடு தடுத்துவிட்டது. உதாரணத்துக்கு, இரண்டு ஏக்கர் வரை உள்ள 30 குடும்பங்களின் சராசரி 0.40, ஐந்து வரை உள்ள 10 குடும்பங்களின் சராசரி −0.20 என்று வந்தால் வரிசை உடைகிறது. அப்போது முறை இரண்டையும் ஒன்றாகப் போட்டு 40 பேருக்கும் சேர்த்துச் சராசரி எடுத்து 0.25 என்று இரண்டு வகைக்கும் கொடுத்துவிடும். அச்சடித்த அட்டவணையில் அந்த −0.20 காணாமல் போயிருக்கும். ஆகவே ஒரே எண் இரண்டு முறை வந்தால் சந்தேகப்பட வேண்டும். வரிசைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, பெயர் வகையாக மறுபடி ஓட்டிப் பார்ப்பதுதான் வழி.

ஓட்டிப் பார்த்தோம். ஐந்து ஏக்கர் வகை, இரண்டு ஏக்கர் வகைக்குக் கீழே போய் நின்றது.

படிவங்களை எடுத்துப் புரட்டினால் காரணம் வெட்ட வெளிச்சம். ஒன்று, இரண்டு ஏக்கர்காரர்களில் அநேகம் பேர் கால்வாய்த் தண்ணீர் எட்டுகிற நெல் வயல்காரர்கள். நாலு, ஐந்து ஏக்கர்காரர்கள் மேட்டுக் காட்டுக்காரர்கள். ஏக்கரைக் கேட்ட நான் தண்ணீரைக் கேட்கவில்லை. திருப்பூருக்குப் போன பையன் வீட்டு நாலு மார்க் இங்கேதான் உட்கார்ந்திருந்தது. 2002-ஆம் ஆண்டு மத்திய அரசுப் படிவத்திலேயே பாசனம் உள்ள நிலம், இல்லாத நிலம் என்று பிரித்திருந்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த மென்பொருள் பற்றி ஒரு எச்சரிக்கை. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது வரிசை வகையை வழவழப்பான வளைவாக வரையப் பார்க்கும். நூறு வகை உள்ள கேள்விக்கு அது சரி. நாலைந்து வகையே உள்ள நம் படிவங்களுக்கு அந்த வழவழப்பு இப்படிப்பட்ட மேடு பள்ளங்களை மழுக்கிவிடும். அமைப்பை மாற்றிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும்.

அரிதான வகையும் ஆபத்து. நூறில் ஒரே ஒரு குடும்பம் ஒரு வகையில் இருந்தால், கணக்குப்படி அந்த வகையின் எண் 9.95 வரைகூடப் போகலாம். ஒரே ஒரு வீட்டின் கதை ஒரு கேள்வியின் முழு அளவுகோலையும் இழுத்துக்கொண்டு போய்விடும். எங்கள் படிவத்தில் வேலை என்ற கேள்வியில் ஒருவர் மட்டும் 'ஜோசியம்' என்று எழுதியிருந்தார். பாவம், அவரை முன்கூட்டியே 'சுயதொழில்' பக்கம் சேர்த்திருக்க வேண்டும்.

இன்னொன்று. இந்த எண்கள் அந்தந்த ஊர்த் தரவுக்கு மட்டுமே சொந்தம். குடிசைக்கு −1.89 என்று கல்வெட்டில் வெட்டி வைத்து எல்லா ஊருக்கும் எடுத்துப் போக முடியாது. ஒரு கேள்வியைச் சேர்த்தாலோ நீக்கினாலோ எண்கள் நகரும். ஒரு கூறுக்குப் பதில் இரண்டு கூறு கேட்டாலும் நகரும். இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு எஸ்டேட் பக்கமுள்ள நம் மக்களிடம் இதே படிவத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? லயத்தில் குடியிருக்கிற எல்லோருக்கும் ஒரே வீடு, யாருக்கும் நிலம் இல்லை. எல்லோரும் ஒரே விடை சொல்கிற கேள்வியால் யாரையும் பிரிக்க முடியாது. அதற்கு எண்மதிப்பே கிடையாது. சித்தூரில் அதிகம் பேசுகிற கேள்வி அங்கே ஊமை. அங்கே ஓய்வு பெற்ற பிறகு போக இடம் உண்டா என்று கேட்டால்தான் குடும்பங்கள் பிரியும்.

இந்தியாவில் இதே வழியில் நடந்த பெரிய வேலையையும் சொல்ல வேண்டும். 1992-93 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் வருமானமோ செலவோ கேட்கவில்லை. ஃபில்மர், பிரிட்செட் இருவரும் 2001-இல் அதிலிருந்த 21 உடைமை, வீட்டு வசதி அடையாளங்களை முதன்மைக் கூறு முறையில் சேர்த்து ஒரு செல்வக் குறியீடு உண்டாக்கி, எந்த மாநிலத்தில் எந்தப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள் என்று பார்த்தார்கள். 2005-06 கணக்கெடுப்பின் அறிக்கையிலேயே அப்படி ஒரு குறியீடு இடம்பெற்றது. அவர்கள் ஒவ்வொரு வகையையும் தனித்தனி உண்டு-இல்லை கேள்வியாக உடைத்துக் கொண்டார்கள். அப்படி உடைத்தால் ஓலை, ஓடு, கான்கிரீட் மூன்றும் ஒரே கேள்வியின் விடைகள் என்பது கணக்குக்குத் தெரியாமல் போகிறது. கேட்பிசிஏ அதை மறப்பதில்லை. ஆனால் இரண்டுக்கும் பொதுவான பலவீனம் உண்டு. முதல் கூறு ஏழ்மையைத்தான் அளக்கிறது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. நகரத்தையும் கிராமத்தையும் கலந்து போட்டால் அது பெரும்பாலும் நகரத்தனத்தை அளக்கத் தொடங்கிவிடும்; மாடு வைத்திருப்பது ஏழ்மையின் அடையாளமாக வந்து நிற்கும். பால் சொசைட்டிக்குத் தினமும் ஊற்றுகிற எங்கள் ஊர்க்காரரிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்.

சென்ற ஆண்டுப் பட்டியலை நாங்கள் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யவில்லை. நிலத்தைக் கால்வாய்ப் பாசனம், கிணறு அல்லது போர், மானாவாரி என்று பிரித்து மறுபடி விடை வாங்கினோம். மறுபடி கணக்கு ஓட்டி வரிசை எடுத்தோம். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் வந்த வீடுகளுக்கு மட்டும் இரண்டு பேர் நேரில் போய்ப் பார்த்தார்கள். திருப்பூர்ப் பையனின் தங்கை படிவமும் அதில் ஒன்று. நிலம் என்ற இடத்தில் ஐந்து ஏக்கர், மானாவாரி. அந்த வகை இப்போது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. ஆனாலும் அவள் எண் எல்லைக்கு ஒரு மயிரிழை மேலேயே வந்தது. ஏன் என்று கேள்வி கேள்வியாகப் பெருக்கிப் பார்த்தோம். 'குடும்பத்தில் வெளியூரில் வேலை பார்ப்பவர் உண்டா?' என்ற கேள்விக்கு 'உண்டு' என்று எழுதியிருந்தாள். அண்ணன் இருக்கிறானே. மற்ற படிவங்களில் உண்டு என்றவர்களில் பாதிப் பேருக்கு வளைகுடாவிலோ பெங்களூரிலோ ஆள். ஆகவே அந்த 'உண்டு' அவளை மேலே தூக்கிவிட்டது.

நேரில் போனவர்கள் சொன்னதை வைத்து அவளுக்குத் தொகை கொடுத்தாயிற்று. ஆனால் படிவம் இன்னும் சரியாகவில்லை. எங்கே வேலை என்று கேட்பதா, என்ன வேலை என்று கேட்பதா, மாதம் வீட்டுக்குப் பணம் வருகிறதா என்று கேட்பதா, எத்தனை வகையாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் போதுமான குடும்பங்கள் இருக்கும் என்று நானும் தம்பி மகளும் இன்னும் பேசிக் கொண்டிருக்கிறோம். வெளியூரில் இருக்கிற நீங்கள்தான் இதில் அனுபவசாலிகள். அடுத்த ஆண்டுப் படிவம் அச்சுக்குப் போகுமுன் யோசனை இருந்தால் சங்கத்துக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.